பல்கலைக்கழக ஆய்வும் பொதுமக்களும்: விஸ்கொன்சின் தரும் அனுபவம்

பொதுமக்களின் வரிப்பணத்தில் இயங்கும் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் விஞ்ஞான ஆய்வுகள் அப்பொதுமக்களைச் சென்றடைகின்றனவா என்ற வினா புதியதொன்றல்ல. ஆய்வாளர் ஒருவர் பல ஆண்டுகள் உழைத்து எழுதும் கட்டுரையை அவருடைய துறையைச் சார்ந்த சிலர் வாசிக்கின்றனர். பின்னர் அது நூலகத் தட்டிலோ கணினிக் களஞ்சியத்திலோ அடங்கிவிடுகிறது. எவருடைய நிலத்திலும் கிணற்றிலும் மாதிரி எடுத்து அந்த ஆய்வு செய்யப்பட்டதோ, அவருக்கு அதன் முடிவு பெரும்பாலும் தெரியவருவதில்லை. தெரியவந்தாலும் அது அவருக்கு விளங்கும் மொழியில் இருப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவதைத் தனது கடமைகளுள் ஒன்றாக ஏற்று, நூற்றாண்டுக்கும் மேலாக அதற்கென முயன்றுவரும் நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவின் மடிசன் நகரில் அமைந்துள்ள விஸ்கொன்சின் பல்கலைக்கழகமாகும். அதன் அனுபவம் வெற்றிகளால் மட்டும் ஆனதன்று. அறிவைப் பகிர்வது என்றால் என்ன, யாருடன் பகிர்வது, அதற்கு விலை உண்டா என்பன தொடர்பில் அப்பல்கலைக்கழகம் தனக்குள்ளேயே முரண்பட்டுக்கொண்ட சந்தர்ப்பங்களும் உள்ளன. அவையே நமக்குக் கூடுதலாகப் பயன்படக்கூடியவை என்பது இக்கட்டுரையாளரின் எண்ணம்.

கோதுமை பொய்த்த நிலம்

விஸ்கொன்சின் 1848ஆம் ஆண்டு ஒரு மாநிலமாயிற்று. பல்கலைக்கழகமும் அதே ஆண்டிலேயே தோற்றுவிக்கப்பட்டது. எனினும் தொடக்கத்தில் அது அக்காலத்து ஏனைய கல்லூரிகளைப் போன்ற ஒரு சிறிய நிறுவனமாகவே இருந்தது. 1862 ஜூலை 2ஆம் திகதி ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்ட மொறில் சட்டம் நிலைமையை மாற்றியது. காங்கிரஸில் ஒரு மாநிலத்துக்குரிய ஒவ்வொரு செனற்றருக்கும் ஒவ்வொரு பிரதிநிதிக்கும் 30,000 ஏக்கர் வீதம் அரச காணி வழங்கப்படும். அதனை விற்றுப் பெறும் நிதியைக் கொண்டு விவசாயமும் பொறியியலும் கற்பிக்கும் உயர்கல்வி நிலையங்களை மாநிலங்கள் நடத்த வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம். அந்தக் காணிகள் பூர்வீகக் குடிகளிடமிருந்து ஒப்பந்தங்களாலும் பலவந்தத்தாலும் பெறப்பட்டவை என்பதையும், மடிசன் நகரே ஹோ-சங்க் மக்களின் நிலத்தில் எழுந்தது என்பதையும் இங்கு சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மக்களின் பல்கலைக்கழகம் என்ற எண்ணம் பிறந்தபோதே 'மக்கள்' என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இருந்தனர்.

மாநிலத்தின் பிரதான பயிர் அப்போது கோதுமை. ஒரே பயிரைத் தொடர்ந்து பயிரிட்டதால் மண் வளமிழந்தது. பூச்சித் தாக்கமும் சேர்ந்துகொண்டது. வேறு வழியின்றி விவசாயிகள் கால்நடை வளர்ப்புக்கும் பால் உற்பத்திக்கும் திரும்பினர். பால் பண்ணையை நடத்தும் முறை அவர்களுட் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. இந்நிலையில், 1885ஆம் ஆண்டு தொடக்கம் மாநில அரசின் நிதியுதவியுடன் பல்கலைக்கழகம் ஊரூராக விவசாயிகள் கூட்டங்களை நடத்தத் தொடங்கியது. பனிக்காலத்தில் வயல் வேலை இல்லாத இளைஞர்களுக்கென மடிசனில் குறுங்காலப் பயிற்சி வகுப்பு ஒன்றும் ஏற்படுத்தப்பட்டது. 1887இல் இயற்றப்பட்ட ஹச் சட்டம், இத்தகைய நிறுவனங்களுடன் இணைந்த விவசாயப் பரிசோதனை நிலையங்களுக்கு ஆண்டுதோறும் மத்திய அரசின் நிதி கிடைக்க வழிசெய்தது.

பாலும் தண்ணீரும்

பரிசோதனை நிலையத்துக்கு 1888இல் ஸ்ரீபன் பப்கொக் என்ற இரசாயனவியலாளர் வந்து சேர்ந்தார். நியூயோர்க் மாநிலத்தில் 1843இல் பிறந்து, ஜேர்மனியின் கோற்றிங்கன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவர் முன் வைக்கப்பட்ட பிரச்சினை ஆய்வுகூடத்தில் பிறந்ததன்று. அது பாற்கட்டித் தொழிற்சாலைகளின் வாசலிற் பிறந்தது.

அக்காலத்தில் பால் நிறையைப் பார்த்தே வாங்கப்பட்டது. நூறு இறாத்தல் பாலுக்கு இவ்வளவு என்று விலை. பாலில் எவ்வளவு கொழுப்பு உள்ளது என்பதை அறிய வசதியில்லை. ஆகவே, பாலில் தண்ணீர் கலந்தவருக்கும் ஆடையை எடுத்துவிட்டுக் கொண்டுவந்தவருக்கும் நல்ல பால் கொண்டுவந்தவருக்கும் ஒரே விலையே கிடைத்தது. நேர்மையானவர் நட்டமடைந்தார். ஒருவரையொருவர் ஐயுற்றதால் கூட்டுறவாகத் தொழிற்சாலை நடத்துவதும் சிரமமாயிற்று. கொழுப்பைத் துல்லியமாக அளக்கும் இரசாயன முறைகள் அப்போதும் இருந்தனதான். ஆனால் அவற்றைச் செய்வதற்கு ஆய்வுகூடமும் பயிற்சி பெற்ற ஒருவரும் பல மணிநேரமும் வேண்டும்.

பப்கொக் 1890இல் வெளியிட்ட முறை வியக்கத்தக்க எளிமை கொண்டது. நீண்ட ஒடுங்கிய கழுத்துள்ள கண்ணாடிப் போத்தலில் 17.6 மில்லிலீற்றர் பாலை ஊற்றி, ஏறத்தாழ அதேயளவு செறிந்த சல்பூரிக்கமிலத்தைச் சேர்க்க வேண்டும். அமிலம் பாலிலுள்ள புரதத்தைக் கரைத்துவிடும். கலவை தானாகச் சூடேறும். கொழுப்பு மட்டும் கரையாமல் எஞ்சும். போத்தலைக் கையாற் சுழற்றும் பொறியில் வைத்துச் சில நிமிடங்கள் வேகமாகச் சுழற்றிய பின் சுடுநீர் ஊற்றினால், கொழுப்பு மிதந்து எழுந்து கழுத்துப் பகுதியில் மஞ்சள் நிறத் தம்பமாக நிற்கும். கழுத்தில் இடப்பட்டுள்ள கோடுகளை வாசித்தால் அதுவே கொழுப்பின் வீதம். எழுத வாசிக்கத் தெரிந்த எவரும் செய்யலாம்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, பப்கொக் தம் முறைக்கு ஆக்கவுரிமை பெறவில்லை. விரும்பியிருந்தால் உலகின் ஒவ்வொரு பாற்சாலையிலிருந்தும் அவருக்குப் பணம் வந்திருக்கும். பரிசோதனை நிலையத்தின் 24ஆவது அறிக்கையாக அதனை அச்சிட்டு, வேண்டியவர் எவரும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார். இரண்டாவது, அவர் விவசாயிக்கு வழங்கியது ஒரு தகவலை அன்று; அளக்கும் ஆற்றலை. எந்தப் பசு தின்னும் தீவனத்துக்கு ஈடாக நல்ல பால் தருகிறது, எது தரவில்லை என்பதை அவர் தமது தொழுவத்திலேயே அறிந்துகொள்ள முடிந்தது. பேராசிரியரின் சொல்லை நம்ப வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. வேதநூலைக் காட்டிலும் இந்தப் போத்தலே கூடுதலான பாற்காரரை நேர்மையாளராக்கியது என்று அம்மாநிலத்தின் ஆளுநராகவும் பாற்பண்ணைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியராகவும் விளங்கிய வில்லியம் ஹோர்ட் வேடிக்கையாகக் கூறியதாகச் சொல்வர். இலங்கையில் பாற்சேகரிப்பு நிலையங்களில் கொழுப்பின் அளவைக் கொண்டு பாலுக்கு விலை தீர்மானிக்கப்படும் வழக்கமும் அக்காலத்தில் உருவான இத்தகைய சோதனைகளின் வழிவந்ததே.

எல்லை எது?

1903இல் பல்கலைக்கழகத்தின் தலைவரான சார்ள்ஸ் வான் ஹைஸ் ஒரு புவிச்சரிதவியலாளர். பல்கலைக்கழகத்தின் நற்பயன் மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் சென்றடையும் வரை தாம் மனநிறைவு அடையப்போவதில்லை என்ற கருத்தை அவர் பதவியேற்ற தொடக்க ஆண்டுகளிலேயே வெளிப்படுத்தினார். பல்கலைக்கழகத்தின் எல்லை அதன் மதிலன்று, மாநிலத்தின் எல்லையே என்று பின்னர் சுருக்கிச் சொல்லப்பட்ட இக்கொள்கை 'விஸ்கொன்சின் கருத்து' எனப் பெயர் பெற்றது. சார்ள்ஸ் மக்கார்த்தி 1912இல் அதே பெயரில் ஒரு நூலும் எழுதினார். அவர் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஆய்வுத் தகவல்களைத் திரட்டிக் கொடுக்கும் நூலகம் ஒன்றை நடத்தியவர்.

கொள்கையைப் பேசுவது எளிது. அதனை நடைமுறையாக்கியவர்கள் ஊருக்குள் குடியிருந்த உத்தியோகத்தர்களே. 1912இல் விஸ்கொன்சினின் வடபகுதியிலுள்ள ஒரு மாவட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தின் சார்பில் முதலாவது விவசாய உத்தியோகத்தர் நியமிக்கப்பட்டார். அவர் மோட்டார் சைக்கிளில் பண்ணை பண்ணையாகச் சென்றார். இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1914 மே மாதம் நிறைவேறிய ஸ்மித்-லீவர் சட்டம் இந்த முறையை நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. ஆய்வு, கற்பித்தல், விரிவாக்கம் ஆகிய மூன்றும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. உத்தியோகத்தர் ஊரிற் காணும் பிரச்சினை மறுவாரம் ஆய்வாளரின் மேசைக்குச் செல்லக்கூடியதாக இருந்தது என்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி.

பௌதிகவியல் துறையில் இடம்பெற்ற ஒரு முயற்சியும் குறிப்பிடத்தக்கது. பேராசிரியர் ஏர்ள் ரெரி தம் மாணவர்களுடன் சேர்ந்து, கண்ணாடி வெற்றிடக் குழாய்களைத் தாமே ஊதிச் செய்து ஒரு வானொலி நிலையத்தை இயக்கினார். தொடக்கத்தில் தந்தி ஒலிக்குறிகளாகவும், 1921இன் ஆரம்பத்திலிருந்து மனிதக் குரலிலும் வானிலை அறிக்கை ஒலிபரப்பாயிற்று. உறைபனி எப்போது வரும், சந்தையில் என்ன விலை என்பவற்றைப் பண்ணையிலிருந்தே அறிய முடிந்தது. 1931இல் அந்நிலையம் 'வான்வழிப் பாடசாலை' என்ற பெயரில் சிற்றூர்ப் பாடசாலைகளுக்கான நிகழ்ச்சிகளையும் தொடங்கியது.

ஸ்ரீன்பொக்கின் முடிவு

பப்கொக் காட்டிய வழியே இறுதி வழியாக இருந்திருந்தால் இக்கதை இலகுவானதாக இருந்திருக்கும். அவருடைய மரபில் வந்த ஹரி ஸ்ரீன்பொக் வேறொரு முடிவை எடுத்தார்.

ஸ்ரீன்பொக் விஸ்கொன்சினின் ஒரு பண்ணைக் குடும்பத்தில் 1886இல் பிறந்தவர். பப்கொக்கின் தூண்டுதலால் 1907இல் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற பரிசோதனையில் அவரும் இளம் உதவியாளராகப் பங்குபற்றினார். 16 இளம் பசுக்களை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒன்றுக்குச் சோளம், ஒன்றுக்குக் கோதுமை, ஒன்றுக்கு ஓட்ஸ், இன்னொன்றுக்கு மூன்றின் கலவை எனக் கொடுத்துப் பார்த்தனர். இரசாயனக் கணக்கின்படி நான்கு உணவும் சமமே. ஆனால் சோளம் தின்ற பசுக்கள் செழித்தன. கோதுமை தின்றவை நலிந்தன, அவற்றின் கன்றுகள் பிழைக்கவில்லை. இரசாயனவியல் அதுவரை அறியாத ஏதோவொன்று உணவில் உண்டு என்பது அதனால் தெளிவாயிற்று. பின்னர் விற்றமின்கள் எனப் பெயர் பெற்றவற்றை நோக்கிய பாதைகளுள் அதுவும் ஒன்று.

1920களில் றிக்கற்ஸ் என்ற நோய் வடக்கு நாடுகளின் நகர்ப்புறங்களில் ஏழைக் குழந்தைகளை வாட்டியது. சூரிய ஒளி போதாமையால் எலும்பு மென்மையடைந்து கால்கள் வளைந்துவிடும். ஸ்ரீன்பொக் சில உணவுப் பொருட்களின் மீது புறஊதாக் கதிரைச் செலுத்தினால் அவற்றில் விற்றமின் டி உருவாகிறது என்பதைக் கண்டறிந்து 1924இல் வெளியிட்டார். மலிவான உணவைக் கொண்டே ஒரு நோயை ஒழிக்கலாம் என்பது இதன் பொருள்.

அவர் அதற்கு ஆக்கவுரிமை கோரினார். விண்ணப்பச் செலவைத் தம் கைப்பணத்திலிருந்தே கொடுத்தார். இலவசமாக விட்டால் தகுதியற்ற வியாபாரிகள் போலிப் பண்டங்களை விற்று மக்களை ஏமாற்றுவர் என்பது அவர் கூறிய காரணம். குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் பத்து இலட்சம் டொலரை நெருங்கிய தொகையை வழங்க முன்வந்தபோது அதனை அவர் ஏற்கவில்லை. மாறாக, 1925இல் பழைய மாணவர் சிலரின் ஒத்துழைப்புடன் 'விஸ்கொன்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி மன்றம்' என்ற தனி அமைப்பு உருவாக்கப்பட்டு, உரிமை அதனிடம் ஒப்படைக்கப்பட்டது. உரிமத்தால் வரும் வருமானம் மீண்டும் பல்கலைக்கழக ஆய்வுக்கே செல்லும். பொருளாதார மந்தக் காலத்திலும் அங்கு ஆய்வுகள் தொடர்வதற்கு அந்தப் பணம் உதவியது என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஓர் உண்மை உறுத்துகிறது. விஸ்கொன்சின் பால் மாநிலம். வெண்ணெய் அதன் செல்வம். வெண்ணெய்க்குப் போட்டியான மாஜரினுக்கு அம்மாநிலத்தில் கடும் எதிர்ப்பு இருந்தது. மஞ்சள் நிறமூட்டிய மாஜரினை விற்பதற்கான தடை அங்கு 1895 முதல் 1967 வரை நீடித்தது. ஆராய்ச்சி மன்றமும் மாஜரின் உற்பத்தியாளருக்கு விற்றமின் டி உரிமத்தை வழங்க மறுத்தது. வெண்ணெய் வாங்க வசதியற்ற ஏழைகளே மாஜரின் உண்டனர். றிக்கற்ஸால் பெரிதும் பாதிக்கப்பட்டோரும் அவர்களே. 1940களில் இந்த உரிமை தொடர்பான வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றபோது நீதிபதிகள் இதனைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. வேறு காரணங்களால் ஆக்கவுரிமையும் செல்லாது எனத் தீர்ப்பாயிற்று.

ஸ்ரீன்பொக் பேராசைக்காரர் அல்லர். தமது மாநிலத்தின் விவசாயிகளுக்கு நேர்மையாக உழைத்தவர். அங்குதான் சிக்கல் உள்ளது. பல்கலைக்கழகம் 'மக்களுக்கு'ச் சேவை செய்கிறது என்னும்போது, அமைப்பாகத் திரண்டு குரல் கொடுக்கக்கூடிய மக்களே முதலில் கண்ணிற் படுகின்றனர். பாற்பண்ணையாளர்களுக்குச் சங்கமும் பத்திரிகையும் சட்டமன்றத்தில் ஆட்களும் இருந்தனர். நகரத்துச் சேரிகளில் கால் வளைந்த குழந்தைகளுக்கு அவை இருக்கவில்லை. இதே மன்றம் 1998இல் மடிசனில் பிரித்தெடுக்கப்பட்ட மனித முளையக் குருத்தணுக்களுக்கும் ஆக்கவுரிமை பெற்றது. அது ஏனைய ஆய்வாளர்களின் கைகளைக் கட்டுவதாக எழுந்த எதிர்ப்பின் பின்னர், 2007இல் நிபந்தனைகள் தளர்த்தப்பட்டன. எண்பது ஆண்டுகள் கடந்தும் வினா அதேதான்.

பனிப்புயலில் வந்த விவசாயி

1933 பெப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கடும் பனிப்புயல். விஸ்கொன்சினின் வடமேற்கிலிருந்து ஏறத்தாழ 190 மைல் தூரம் வாகனம் ஓட்டி வந்த விவசாயி ஒருவர் பல்கலைக்கழகத்தின் உயிரிரசாயனக் கட்டடத்துக்குள் நுழைந்தார். அவர் தேடி வந்தது மாநிலக் கால்நடை வைத்தியரை. அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த கதவு இது ஒன்றே. அவர் கொண்டுவந்தவை ஓர் இறந்த பசு, உறையாத குருதி நிரம்பிய ஒரு பாற்கலன், பழுதடைந்த ஸ்வீற் குளோவர் என்ற காய்ந்த தீவனம் சுமார் நூறு இறாத்தல். அவருடைய மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே குருதி கசிந்து இறந்துகொண்டிருந்தன.

அவரை எதிர்கொண்டவர் கார்ல் போல் லிங்க் என்ற பேராசிரியர். பின்னாளில் இச்சம்பவத்தை அவரே விபரித்துள்ளார். பழுதான ஸ்வீற் குளோவரே காரணம் என்பது கனடாவிலும் வட டகோட்டாவிலும் கால்நடை வைத்தியர்கள் முன்னரே கண்ட உண்மை. அதிலுள்ள நச்சுப் பொருள் எது என்பது எவருக்கும் தெரியாது. ஆகவே லிங்கினால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: இந்தத் தீவனத்தைக் கொடுக்க வேண்டாம், இயன்றால் நோயுற்ற மாட்டுக்கு நல்ல மாட்டின் குருதியை ஏற்றுங்கள். மருந்து ஒன்றும் இல்லை. விவசாயி அதே புயலில் திரும்பிச் சென்றார்.

குருதியும் தீவனமும் ஆய்வுகூடத்தில் எஞ்சின. அன்று பிற்பகலே வேலை தொடங்கியது. நச்சுப் பொருளைப் பளிங்காகப் பிரித்தெடுக்க 1939 வரை, அதாவது ஆறு ஆண்டுகளுக்கு மேல், சென்றது. டைகூமரோல் எனப் பெயரிடப்பட்ட அப்பொருளின் வழியில் மேலும் பல சேர்வைகள் ஆக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 1948இல் எலி மருந்தாகச் சந்தைக்கு வந்தது. ஆராய்ச்சி மன்றத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளான 'வார்ப்' என்பதுடன் கூமரினின் ஈற்றைச் சேர்த்து அதற்கு வார்பரின் என்று பெயரிட்டனர். 1954இல் அது மனிதருக்கான மருந்தாக அனுமதி பெற்றது. மறு ஆண்டு மாரடைப்புக்கு உள்ளான ஜனாதிபதி ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது. செயற்கை இருதய வால்வு பொருத்தியவர்கள் நமது வைத்தியசாலைகளின் சிகிச்சை நிலையங்களில் பெறும் மாத்திரையும் இதுவே. கீரை உண்ணும் அளவை நாளுக்கு நாள் மாற்றாதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுவதும் இம்மருந்தின் காரணமாகத்தான். கீரையிலுள்ள விற்றமின் கே குருதியை உறையவைப்பதில் இதற்கு நேரெதிராகச் செயற்படுகிறது.

இச்சம்பவத்தைப் பல்கலைக்கழகங்கள் தமது பெருமையாகக் கூறிக்கொள்வதுண்டு. நாம் பார்க்க வேண்டியது வேறு. அன்று அறிவைக் கொண்டுவந்தவர் விவசாயி, பெற்றுக்கொண்டவர் பேராசிரியர். பகிர்வு என்பதை மேலிருந்து கீழே ஊற்றுவதாகக் கருதுவோர் இந்தத் திசையை மறந்துவிடுகின்றனர். அத்துடன், லிங்க் தமக்குத் தெரியாததைத் தெரியும் என்று காட்டிக்கொள்ளவும் இல்லை; ஆய்வு முடியட்டும், பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்பவும் இல்லை. அப்போது தெரிந்தது எதுவோ அதனை அப்போதே சொன்னார்.

இன்று மடிசனில் பொதுமக்களுக்கான விஞ்ஞான நிகழ்ச்சிகளுக்குக் குறைவில்லை. பேராசிரியர் பஸ்ஸாம் ஷகாஷிரி 1970இல் தொடங்கிய நத்தார்கால இரசாயனவியல் விரிவுரைகள் புகழ்பெற்றவை. பப்கொக்கின் பெயர் தாங்கிய கட்டடத்தில் செய்யப்படும் ஐஸ்கிறீமை வாங்குவதற்கு மக்கள் வரிசையில் நிற்கின்றனர். இவை நல்லவையே, எனினும் கண்டு மகிழும் விஞ்ஞானத்துக்கும் கையிற் பயன்படும் விஞ்ஞானத்துக்கும் வேறுபாடு உண்டு. 2015இல் அம்மாநில ஆளுநரின் வரவுசெலவுத் திட்ட வரைவில், உண்மையைத் தேடுதல், அறிவை வளாகத்துக்கு வெளியே கொண்டுசெல்லுதல் ஆகிய சொற்கள் பல்கலைக்கழகச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டு, தொழிற்சந்தைக்கு ஆட்களைத் தயாரித்தல் என்பது சேர்க்கப்பட்டிருந்தது. கடும் எதிர்ப்பு எழவே, அது வரைவிலேற்பட்ட தவறு என்று கூறி மீளப்பெறப்பட்டது.

நமது கிணறுகள்

மொறில் சட்டம் இயற்றப்பட்ட அதே தசாப்தத்தில், யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1864 முதல் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் கற்பித்துக்கொண்டிருந்தார். அதற்கென நூல்களையும் தமிழில் ஆக்கினார். விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்ல முடியுமா என்ற வாதத்துக்கு இம்மண்ணில் அவ்வளவு காலத்துக்கு முன்னரே விடை கிடைத்துவிட்டது. இருந்தும் இன்று நமது பல்கலைக்கழகங்களின் விஞ்ஞான ஆய்வுகள் ஏறத்தாழ முழுவதும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. உலக ஆய்வாளருடன் உரையாடுவதற்கு அது தேவைதான். தமிழிலோ சிங்களத்திலோ ஒரு பக்கச் சுருக்கம் கூட இல்லாமற் போவதற்கு அது காரணமாகாது. அமைப்பிலும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கு விவசாய விரிவாக்கம் விவசாயத் திணைக்களத்தினதும் மாகாணத் திணைக்களங்களினதும் பொறுப்பு. விவசாயப் போதனாசிரியர் ஒரு நிறுவனத்தைச் சேர்ந்தவர், ஆய்வாளர் இன்னொன்றைச் சேர்ந்தவர். இருவரும் சந்திப்பது அவரவர் தனிப்பட்ட ஆர்வத்தைப் பொறுத்தது.

குடாநாட்டின் நிலத்தடி நீர் இதற்கு நல்ல உதாரணம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத இந்தச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் குடிப்பதற்கும் பயிருக்கும் கிணறே கதி. மேல்மண் ஆழமற்றது, கல்லில் வெடிப்புகள் நிறைந்துள்ளன. தோட்டத்தில் இடும் உரமும் மலசலகூடக் குழியின் கழிவும் மழைநீருடன் விரைவாகக் கீழிறங்கிவிடுகின்றன. கிணற்று நீரில் நைத்திரேற்று மிகுந்து காணப்படுவதை 1980களிலிருந்தே ஆய்வாளர்கள் எழுதி வருகின்றனர். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கூடினால் முதலில் ஆபத்துக்கு உள்ளாவது போத்தற்பால் அருந்தும் கைக்குழந்தை. அதன் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை இழந்து உடல் நீலம்பாரிக்கும். இவ்வளவும் நாற்பது ஆண்டுகளாக அச்சில் உள்ளது. தனது கிணற்றில் எவ்வளவு என்று கேட்டால் தோட்டக்காரர் எத்தனை பேர் சொல்வார்கள்?

2010களின் நடுப்பகுதியில் சுன்னாகம் மின்நிலையச் சுற்றாடலில் கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பதாகப் பெரும் கவலை எழுந்தபோது மக்கள் கேட்டது ஒரேயொரு வினா: இந்த நீரைக் குடிக்கலாமா? வெவ்வேறு நிறுவனங்களினதும் குழுக்களினதும் அறிக்கைகள் ஒன்றுக்கொன்று முரணாக அமைந்தன. யார் எந்தக் கிணற்றில் எப்போது எதை அளந்தனர் என்பது சாதாரண வாசகர் ஒப்பிட்டுப் பார்க்கக்கூடிய விதத்தில் வைக்கப்படவில்லை. ஈற்றில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மாசுக்கு மின் உற்பத்தி நிறுவனத்தைப் பொறுப்பாக்கி, பாதிக்கப்பட்ட மக்களுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு பணித்தது. விஞ்ஞானம் வாசலில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டிய விடையை மக்கள் நீதிமன்றத்தில் பெற வேண்டியதாயிற்று.

எண்ணெய் மாசை அளப்பது எளிதன்று. நைத்திரேற்று அப்படியன்று. நீரில் நனைத்தால் நிறம் மாறி அளவைக் காட்டும் சோதனைத் தாள்கள் நீண்டகாலமாகவே விற்பனையில் உள்ளன. அவை ஆய்வுகூடத் துல்லியம் தருவதில்லை. ஆனால் 50இற்கு மிகவும் மேலா கீழா என்பதைக் காட்டப் போதுமானவை. பாடசாலைகளின் விஞ்ஞான மாணவர்கள் மாரிக்கு முன்னும் பின்னும் தத்தம் வீட்டுக் கிணற்றை அளந்து, ஐயத்துக்குரியவற்றைப் பல்கலைக்கழகம் மீளாய்வு செய்து, பெறுபேற்றைக் கிராம அலுவலர் பிரிவு வாரியாகத் தமிழில் ஒரு தாளில் பிரதேச செயலகத்திலும் தாய் சேய் நல நிலையத்திலும் ஒட்டிவைப்பதற்குப் பெருநிதி எதுவும் தேவையில்லை. அந்தத் தாளின் முதல் வரியில் இடம்பெற வேண்டியது, ஆய்வாளர் அனைவரும் அறிந்ததும் குழந்தைக்குப் பால் கரைக்கும் தாய்மார் பலர் அறியாததுமான ஒரு செய்தி: நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி இறக்கும், நைத்திரேற்று போகாது, நீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடவே செய்யும்.